அளற்றுக்குடியின் எல்லைகள்

கிட்டங்கித் தாம்போதி மூழ்கிய மூன்றாம் நாள்
படிவத்தோடு என்னை அவர்களிடம் அனுப்பினார்கள்.
சங்கிலி வேண்டாம், நாடா போதும் என்றார் அத்தியட்சகர்.
நாடா முதல் மணியிலேயே ஊறி
இலக்கங்களை உதிர்த்துவிட்டது.

அளற்றுக்குடியில் யாரும் சுகமா என்று கேட்பதில்லை.
"கால் எவ்வளவு?" என்கிறார்கள்.
கணுக்கால் என்றால் வழிப்போக்கு.
முழங்கால் என்றால் பேசலாம்.
இடுப்பு என்றால்
உலையில் உனக்கும் அரிசி விழுந்தாயிற்று.
நான் சப்பாத்தைக் கழற்ற அரை மணி எடுத்தேன்,
அதுவரை ஒரு வாய் திறக்கவில்லை.

இமைக்குள் இன்னோர் இமை அவர்களுக்கு,
வெங்காயச் சருகுபோல் மெலிந்தது.
பொய் காதில் பட்டால் அது மட்டும் மூடும்.
அங்க அடையாளம் என்ற வரியில்
இதை எழுத இடம் போதவில்லை.

கிழக்கு எல்லை?
"கச்சான் அடித்தால் கல்முனை வெளிச்சம் வரைக்கும்.
கொண்டல் என்றால் இவ்வளவும் இல்லை."
ஆற்றுவாழை மெத்தையில் கட்டிய வீடுகள்
நான் எழுதிக்கொண்டிருக்கவே
ஒரு பாகம் நகர்ந்திருந்தன.

உறுதி ஏதும் உண்டா?
மகளுக்குக் கொடுத்த சீதனத்தைக் காட்டினார்கள்:
இரண்டரை முழம் ஆழம்.
மாப்பிள்ளை அதில் வந்து குடியிருப்பான்.
அவள் கோபித்தால் ஆழத்தை மடித்துவைப்பாள்,
விரால்போல் அவன்
முதுகு காயக் கிடப்பான் விடியும்வரை.

குலதெய்வம் என்ற வரிக்குச் சிரித்தார்கள்.
எரிந்தபடி கிழக்கே வந்தவளுக்கு
முதல் கை சேறு அள்ளிப் பூசியது தாங்களாம்.
"உங்கட கோயிலில ஆண்டுக்கொருக்கா குளுத்தி.
எங்களுக்கு இன்னும் கை சுடுது."
உள்ளங்கையை நீட்டினார்கள். சுட்டது.

குடியேறிய ஆண்டு?
இதற்கு உவரியைக் கூப்பிட்டார்கள்.
பதினேழு வயது இருக்கும், காதில் சிப்பித் துண்டு,
கையில் இரு ஆள் நீளக் கண்டல் கம்பு.
குத்தினாள். திருகினாள். இழுத்தாள்.
கம்பில் ஒட்டிய சேற்றை
மேலிருந்து கீழாக நக்கி வாசித்தாள்:

ஒரு சாணில் யூரியா, போன போகம்.
அதன்கீழ் வெள்ளை உப்பு, கடல் ஏறிய மார்கழி.
இன்னும் கீழே தென்னங்குருத்துக் கைப்பு,
சூறாவளி எல்லா வட்டையும் பிடுங்கிய வருசம்.
அடியில் வெள்ளைக்காரன் விளக்கெண்ணெய்,
அதற்கும் அடியில் யானை மூத்திரம்,
அதற்கும் அடியில் "நாங்கதான்" என்றாள்,
துப்பாமல் விழுங்கினாள்.

உப்புக்கும் கைப்புக்கும் நடுவே
நாலு விரல் அகலம் நாக்கு வைக்காமல் தாண்டியதை
நான் கவனித்தேன்.
இது?

"அது எங்கட வாசிப்பில்லை கா.
ஆருக்குச் சேருமோ அவங்கதான் நக்கோணும்."

அரச உத்தியோகத்தர் சேறு நக்குவது பற்றி
சுற்றுநிருபம் எதுவும் இல்லை.
துறையடியில் ஓடத்துக்கு நின்ற என் தம்பி குகதாசன்
ஒரு சனிக்கிழமை பின்னேரம்
சைக்கிளை மட்டும் அனுப்பிவைத்தான்.
அதன் மணி இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது,
யாரும் அடிப்பதில்லை.

கம்பை வாங்கினேன்.
முதலில் இரும்பு.
பிறகும் இரும்பு.
பிறகு, சத்தியமாய், நல்லெண்ணெய்,
அன்று காலை அம்மா
அவன் தலையில் தேய்த்து மீந்ததை
என் கழுத்தில் துடைத்தாளே, அதே.

"என்ன தெரியுது?" என்றாள் உவரி.
ஒன்றுமில்லை, வெறும் சேறு என்றேன்.

அவளுடைய உள்ளிமை
மெல்ல மூடியது.
மறுத்துப் பேசவில்லை.
கம்பைக் கழுவாமல்
எடுத்த துளையிலேயே திரும்ப இறக்கினாள்.

வீடுகள் இன்னொரு பாகம் நகர்ந்திருந்தன.
யாரோ அடுப்பு மூட்டினார்கள்.
அப்போதுதான் குனிந்து பார்த்தேன்,
இடுப்புவரை நின்றேன்.