துறை போன இரவு

மூன்றாம் நாளாக மின்சாரம் இல்லை.
சைமா ஏரி
கழுவாத வாணலி நிறத்தில் கிடக்கிறது.
மதியம் மூன்றரைக்கே இருட்டு வந்து
பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே உட்கார்ந்துகொள்கிறது.

ஐலி பிர்ச் விறகைத் திணிக்கிறாள்.
ஈரம். சீறுகிறதே தவிர எரியவில்லை.
"அக்டோபரிலேயே துறையைக் கரையேற்றியிருக்கலாம்"
என்று அவள் சொல்லவில்லை.
சொல்லாதது உர்ஹோவுக்குக் கேட்டுவிடுகிறது.

நேற்றிரவு சங்கிலி அறுந்த சத்தம்
இருவருக்குமே கேட்டது.
ஒருவரும் எழுந்திருக்கவில்லை,
போர்வைக்குள் அத்தனை சூடு.
விடிந்தபோது நான்கு முளைகள்,
நடுவில் வெறும் தண்ணீர்.
பன்னிரண்டு மீட்டர் பலகை,
கோடையில்தான் தார் பூசியது,
மேலே மறந்துவைத்த சிவப்பு வாளியோடு
போயே போய்விட்டது.

உருளைக்கிழங்கு, உப்பு மீன்.
மெழுகுவர்த்தியில் முள் பார்த்து எடுப்பதுதான்
இன்றைக்குப் பெரிய வேலை.
கூரைத் தகடு ஒன்று
தட்டிக்கொண்டே இருக்கிறது.
முதல் நாள் இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்தார்கள்.

எட்டு மணிக்கு போன் அடித்தது.
பாட்டரி நான்கு சதவீதம்.
எதிர்க்கரை கெர்த்து;
ஒரு வலைத் தகராறில்
ஐந்து வருஷமாகப் பேச்சில்லை.
"உங்க துறை எங்க நாணல்ல வந்து நிக்குது."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
"வாளிகூட கவிழல. நான் எடுத்து
உள்ள வெச்சிருக்கேன், வந்து..."
அணைந்துவிட்டது.

"என்னவாம்?"
"வாளி பத்திரமாம்."

உர்ஹோ மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினார்.
படகைக் கவிழ்த்துக் கட்டியாயிற்று.
"ரோட்டில் சுற்றிப் போனா
நாற்பத்திரண்டு கிலோமீட்டர்" என்றார்,
யாரும் கேட்காமலே.

ஐலி எழுந்துபோய்
காபித்தூள் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள்,
இரண்டு வீட்டுக்குக் காணுமா என்று.