சொட்ட விடுவது

லேயிலிருந்து கூப்பிட்டான் சவரிமிக்கேல்:
"குழாயெல்லாம் கல்லாப் போச்சு.
லாரிக்கு அடியில ஸ்டவ் வச்சு உருக்குறேன்.
ராத்திரி பூரா சொட்ட விடணுமாம்,
ஓடுற தண்ணி உறையாதாம்."

சொட்ட விடுவதா?
குடம் பதினைந்து ரூபாய் இங்கே.

மண்டபம் கரையில் வேன் நிறுத்தி நாலு மாதம்.
முன்னால் இறால் வடை, பின்னால் படுக்கை.
மார்கழியிலும் கூரைத் தொட்டியில்
மத்தியானம் வெந்நீர்தான்.
வாடைக்காற்றின் உப்பு
குழாய் வாயில் பூத்துப் பூத்து
காலையில் அடைத்தே விட்டது.

ஊக்கால் குத்தினேன்.
புளி கரைத்து ஊற்றினேன்.
பழஞ்சேலை கிழித்துச் சுற்றினேன்.
"நானும் கம்பளி சுத்திருக்கேன்" என்றான்,
சிரித்தானா இருமினானா தெரியவில்லை,
லைன் போய்விட்டது.

வாய் வைத்து ஊதினேன்.
முதலில் காற்று,
அப்புறம் பழுப்பாக அரைக் குவளை.
கொட்ட மனமில்லை.
எண்ணெய்ச் சட்டி கழுவ
எடுத்து வைத்தேன்.