ஒன்பது பாகத் தண்ணீர்

முதல் நாள் வெறும் பெட்டியை மட்டும் முக்கினேன்.
உள்ளே, நாலாய் மடித்த பிரியாணிக்கடை டிஷ்யூ.
மெட்ரோ வாட்டர் டிரம்மில் அமிழ மறுத்தது.
ஐந்து கிலோ படிக்கல்லை மேலே ஏற்றி
உட்கார வைத்தேன்.
காலையில் டிஷ்யூ
சலவைக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.
தேசப்பனிடம் சொன்னேன்: போகலாம்.

அவருடைய ஃபைபர் படகு
காசிமேட்டுக்குக் கிழக்கே
ஒன்பது பாகத்தில் கிடக்கிறது.
எந்தக் கப்பல் இடித்தது என்று
அந்தக் கப்பலுக்கே தெரியாது.
இன்சூரன்ஸ்காரருக்கு வேண்டியது ஒன்றுதான்:
எஞ்சின் நம்பர் படத்தில் தெரியணும்.
அவர் மகள் மஞ்சள்நீராட்டுக்கு நான்தான் வீடியோ,
அதனால் கடலடிக்கும் நான்தான்.
நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பர்மா பஜாரில் வாங்கிய பெட்டி,
வேறெந்தக் கேமராவுக்கோ செய்தது.
குச்சி ஓரிடம், பொத்தான் ஓரிடம்.
பழைய ஹவாய் செருப்பை வெட்டி அடியில் கொடுத்தேன்.
ஜூம் குச்சி ஜூமைத் தொட்டது.
பதிவுக் குச்சி பதிவைத் தொட்டது.
மற்ற மூன்றும் காற்றை அழுத்துகின்றன.
அழுத்தட்டும்.

ரப்பர் வளையத்துக்கு உளுந்தளவு கிரீஸ்.
மயிரிழையில் தப்பினான் என்பார்கள்,
இங்கே மயிரிழையில்தான் மாட்டுவது:
ஒற்றை முடி வளையத்தில் படுத்திருந்தால்
அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும் கடல்.
மூன்று தடவை துடைத்தேன்.
நூல் உதிருமென்று பனியனையும் கழற்றினேன்.

மூடுவதற்குக் காய்ந்த காற்று வேண்டும்.
ராயபுரத்தில் அதற்கு எங்கே போக,
சுவரே வியர்க்கும் ஊரில்?
விடியற்காலை மூன்றரைக்கு
ஏடிஎம் அறைக்குள் வெற்றுடம்போடு உட்கார்ந்தேன்.
காவலாளி எட்டிப் பார்த்தார்.
"இன்னாபா அது, குண்டா?"
"வீடியோ கேமரா."
"அதுக்கு இன்னாத்துக்கு ஏசி?"

ஷூ டப்பாவிலிருந்து எடுத்துவைத்த
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டு,
புது டிஷ்யூ ஒன்று.
படம் ஓடும்போது எரியும் சிவப்பு விளக்கு
கண்ணாடியில் பட்டுப் படத்திலும் விழுமாம்.
அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.
அப்போது அது எனக்குப் பெரிய கெட்டிக்காரத்தனம்.
நாலு கிளிப்பும் டப்பென்று விழுந்தன.

இரவல் படகு. வன்னி ஓட்டம், கலங்கல் குறைவு.
சூசைக்குச் சொல்லிக் கொடுத்தேன்:
ஒரு தடவை அழுத்தினால் ஓடும்,
மறுபடி அழுத்தினால் நிற்கும்.
கம்ப்ரசர் குழாயைக் கடித்தபடி தலையாட்டினான்.

பதினேழு நிமிடம் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து டிவியில் போட்டால்,
முதலில் என் கால்.
அப்புறம் இட்லித் தூக்கு,
தலைகீழாய் எண்ணூர்ப் புகைபோக்கிகள்.
அப்புறம் தேசப்பன்.
விளிம்பைப் பிடித்துத் தண்ணீரைப் பார்க்கிறார்.
ரொம்ப நேரம் பார்க்கிறார்.
உதடு அசைகிறது, பேசவில்லை.
நாங்கள் இரண்டு முழம் தள்ளி
டீ ஊற்றிக்கொண்டிருந்தோம் அப்போது.
பச்சை ஏறிவந்து திரையில் பாதியை மூடுகிறது.
நின்றுபோகிறது.

அடுத்த காட்சியில் பச்சை கிழிந்து வானம்.
கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் சூசை:
"நம்பர் பளிச்சுன்னு கீது ணா,
கடைசில நாலு நாலு ஏழு.
எடுத்துட்டேன்."

சரிபார்க்கிறேன் என்று கரையிலேயே
நான் ஒரு தடவை அழுத்தியிருந்தேன்.
அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.
அவன் ஓடவைக்க அழுத்தி நிறுத்தியிருக்கிறான்,
நிறுத்த அழுத்தி ஓடவிட்டிருக்கிறான்.
பார்த்தால் தெரியுமே என்கிறீர்கள்.
எதைப் பார்த்து?

தேசப்பன் எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை.
"பொட்டிக்குள்ள தண்ணி பூந்துச்சா?"
டிஷ்யூவை எடுத்து நீட்டினேன்.
இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார்.
"அப்போ நாளைக்கு" என்று எழுந்து போனார்.

டேப்பை உரித்தேன்.
பசை கொஞ்சம் விளக்கிலேயே நின்றுவிட்டது.