ஏழாம் இலக்கக் குழி

பொகவந்தலாவையில் பஸ் இறங்கும் முன்னரே
காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டேன், அட்டைக்கு.
மழை விட்டு மூன்று நாள்.
ஓயா இன்னும் பால் தேத்தண்ணி நிறம்.

கையில் ஒரு கோவை, ஓர் அளவுநாடா,
களஞ்சியத்தில் கையெழுத்து வைத்து எடுத்த
ஆறடி இரும்புக் கம்பி.
பதினொரு மாணிக்கக் குழிகளும் மூடியாயிற்று என்று
கடிதம் வந்திருந்தது.
மூடியது உண்மையானால்
முதலாளி கட்டிய வைப்புப்பணம் அவருக்கே திரும்பும்.

முதலாளி வரவில்லை.
அவருடைய ஆள் விஜேகோன் வந்தார்,
வெள்ளைக் காற்சட்டையில் சேறு படாமல்
கல்லுக்குக் கல் தாவி.
பின்னால் மண்வெட்டியோடு செபமாலை.
தோண்டியவரும் அவர்தான், மூடியவரும் அவர்தான்.
தோண்டிய கூலியில் பாதி, மூடியதற்கு.

ஒன்று, சரி. கௌதமாலாப் புல் இடுப்பளவு.
இரண்டும் மூன்றும் சரி.
நான்கில் யாரோ வற்றாளைக் கொடி நட்டிருந்தார்கள்.
தாவரப் போர்வை என்று எழுதினேன்,
பொய்யில்லையே.

ஐந்து மூடப்படவே இல்லை.
நிறைய நீர். கரைக் கல்லில் தேய்ந்த சவர்க்காரத் துண்டு.
மேட்டில் இரண்டு பாத்தி லீக்ஸ், கொஞ்சம் போஞ்சி.
"இதை மட்டும் எழுதிராதீங்க மிஸ்.
லயத்துப் பைப்புல கிழமைக்கு ரெண்டு நாள்தான் தண்ணி."
விஜேகோனும் தலையாட்டினார்,
அவருக்கு வேறு காரணம்.

ஏழுதான் எல்லாவற்றிலும் அழகு.
மட்டம் பிடித்த மண், ஒரே உயரத்தில் புல்,
நடுவில் அறிவிப்புப் பலகை:
மீளமைககப்பட்ட நிலம்.
தமிழில் மட்டும் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது.

கம்பியை ஊன்றினேன்.
ஒரு முழம் மண்.
பிறகு ஒன்றுமில்லை.
பிடி வழுக்க, கம்பி தன்பாட்டில் இறங்கி
எங்கோ அடியில் இடித்து நின்றது.
மேலே ஒரு சாண் மட்டும் மிச்சம்.
புல் அசையவில்லை.

"கல்," என்றார் விஜேகோன்.
"றப்பர் மரம்," என்றார் செபமாலை.
"முட்டுக் குடுத்தது. கழட்ட நேரம் தரல.
மேல பலகை, பலகை மேல மண்ணு, மண்ணு மேல புல்லு."
யாரையும் பார்க்காமல்
மண்வெட்டி அலகை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

கீழே இல்லம் இருந்ததா என்று கேட்டேன்.
இங்கே இல்லம் என்றால் வீடல்ல,
மாணிக்கம் கிடக்கும் சரளை.
"இருந்துச்சி மிஸ். நாளைக்கு நாப்பது கூடை இல்லம் கழுவினேன்."
சிரித்தார்.
"படுக்கப் போனது லயத்துக் காம்பராவுக்கு."

அப்போதுதான் கண்டேன்,
பலகையை ஒட்டி, குழிக்குக் குறுக்கே
ஓர் ஒற்றையடிப் பாதை.
ஈரத்தில் சின்னச் செருப்பின் தடம்,
போனதும் வந்ததும்.

செபமாலை நாலு கம்பு வெட்டினார்.
கட்டக் கயிறில்லை.
அளவுநாடாவை முழுக்க உருவி
குழியைச் சுற்றிக் கட்டினோம்.
ஓரத்தில் குப்புறப் படுத்து
மூன்று பேரும் கம்பியை இழுத்தோம்,
வெள்ளைக் காற்சட்டையும் சேர்ந்து.
வரவில்லை.

ஏழுக்கு எதிரே எழுதவேண்டியதை எழுதினேன்.
ஐந்துக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

மாலை, களஞ்சியப் பதிவேடு.
இரும்புக் கம்பி ஒன்று, அளவுநாடா ஒன்று,
திருப்பிக் கொடுக்கப்படவில்லை.
காரணம் என்ற இடத்தில்
மண் என்று எழுதி, அடித்து,
பாவனையில் உள்ளது என்றேன்.