ஒரு சென்டிமீட்டர்

சால்மன் பண்ணையில் மிதவை கட்டுகிறவள் நான்.
அதனால்தான் எலெயுத்தேரியோ என்னிடம் வந்தார்:
"வீட்டை அக்கரைக்குக் கொண்டுபோகணும், நில்சா.
எத்தனை டிரம் வேணும், சொல்லு."

சிலோயே தீவில் வீடு ஊர் மாறுவது அதிசயமில்லை.
கரைவரை மாடுகள் இழுக்கும்.
அப்புறம் கடல்.

மாவுப்பையைக் கிழித்து அதன் முதுகில் எழுதினேன்:
சுவர்ப் பலகை, உத்தரம், கூரைச் சில்லு,
வருஷம் முழுக்க மழை குடித்த மரம் என்பதால்
பத்தில் ஒரு பங்கு கூடுதல்.
இரும்பு அடுப்பு நூற்றைம்பது.
அடுப்பையும் சேர்த்துத்தானே என்று இரண்டு தரம் கேட்டேன்.
"ஆமாம் ஆமாம்" என்றார், வேறெங்கோ பார்த்து.
எட்டாயிரம் கிலோ. டிரம்களின் சொந்தக் கனம் ஆயிரம்.

அறுபது டிரம்மும் நிமிர்ந்து நின்றால்
ஒரு சென்டிமீட்டர் அமிழ
நூற்றைம்பது கிலோ கடல் விலக வேண்டும்.
விலகியது எவ்வளவோ
அவ்வளவைத்தான் தாங்கும்.
தராசும் அதுவே, படிக்கல்லும் அதுவே.
வகுத்தேன். அறுபது.
சமையலறை மூலை டிரம்மில் அறுபதாவது சென்டிமீட்டரில்
சிவப்புக் கோடு இழுத்தேன்.
அதற்கு மேலே ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட,
அலைக்கென்று.

ஓதம் ஏறிய அதிகாலை.
நாற்பது பேர், ஆறு ஜோடி மாடு.
இடுப்பளவு தண்ணீரில் நின்று முனகிய வீடு
யாரும் இழுக்காமலே எழுந்தது,
நாற்காலியை விட்டு எழும்
கனத்த ஆளைப் போல.
கரையில் ஒரே கைத்தட்டல்.
நான் கோட்டைத்தான் பார்த்தேன்.

கோடு நனையவில்லை.
ஒரு சென்டிமீட்டர் கீழேயே நின்றது தண்ணீர்,
இந்த மூலையில் அதைவிடவும் சற்றுக் கீழே.
மரத்தின் ஈரத்தை நான் தப்பாகப் போட்டிருந்தால்
நாலு மூலையும் பங்கிட்டிருக்கும் அதை.
இது ஒரே இடத்தில்
இல்லாமல் போன கனம்.

இழுவைப் படகில் எல்லோருக்கும்
ஆட்டுக்கறி வைத்துக்கொண்டிருந்தார் எலெயுத்தேரியோ.
உருளைக்கிழங்கு ரொட்டி, ஆப்பிள் சிச்சா,
இரண்டு படகுக்கும் வழிய வழிய டீசல்.
என் தட்டை நிரப்பும்போது
அவர் கண்ணும் கோட்டுக்குப் போய் வந்தது.
"கணக்கு சரிதானே?"

"ஒரு சென்டிமீட்டர் உதைக்குது" என்றேன்.
"டிரம் கொஞ்சம் பெரிய சைஸ் போல."

அவர் மனைவி எடித்தா சிரித்தாள்:
"அக்கரை போனதும் அடுப்பை மூட்டி
முதல் காபி உனக்குத்தான்."

இன்னொரு துண்டு கறி எடுத்துக்கொண்டேன்.
பின்னால் வந்துகொண்டிருந்தது வீடு,
புகைபோக்கியை நிமிர்த்திப் பிடித்தபடி.