ஒன்று ஒன்று இரண்டாயிரத்து இரண்டு

கோபாலபுரம் தாண்டினால் போர்டுகளில் எழுத்து மாறும்,
புழுதி மாறாது.
வைக்கோல் லாரி, பூசணி லாரி,
பின்னால் காங்கயத்துத் தேங்காய்ப் பருப்பு,
எடைமேடைக்கு முன்னே வாலோடு வாலாக.

உள்ளே,
வெள்ளை மஞ்சளாகிப்போன ஒரு பெட்டி
கறுப்புத் திரையில் ஒரே வரியைச் சொல்கிறது:
சிஸ்டம் டிஸ்க்கைப் போடு.
போட்டிருக்கிறேன் என்கிறேன்.
போடு என்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து மொபெட்டில் வந்தவள் நான்.
பையில் ஆறு டிஸ்க், ஸ்க்ரூடிரைவர், பஞ்சு,
மத்தியானத்துக்கு எலுமிச்சம் சாதம்.
முதல் டிஸ்க்கை விழுங்கிய டிரைவ்
விர்ரென்று சுற்றி, மூன்று தரம் இருமி, அடங்கியது.

டிஸ்க் மேல் பழி போட்டேன்.
ஐம்பத்திரண்டு வேகத்தில் அவசரமாய் எழுதியது,
கிழட்டு லென்ஸுக்குப் படிக்க வராது.
நாலு வேகத்தில் பொறுமையாய் எழுதியதைக் கொடுத்தேன்.
அதே இருமல்.
லென்ஸைத் துடைத்தேன்,
பஞ்சில் வைக்கோல் தூசி வந்தது.
பட்டைக் கேபிளை மாற்றிச் செருகினேன்.
ஜம்பரை எஜமான் இடத்திலிருந்து அடிமை இடத்துக்கு நகர்த்தி
(அந்தப் பேரை வைத்தவன் எவனோ)
மறுபடி எஜமானாக்கினேன்.

ஒவ்வொரு தடவையும் பயாஸுக்குள் போய்
முதலில் சிடி, அப்புறம்தான் மற்றது என்று எழுதி வைப்பேன்.
ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து,
எதையாவது ஆட்டிப் பார்த்து, மூடுவேன்.
பெட்டி விழித்ததும்
முதலில் ஃப்ளாப்பி, அப்புறம் ஹார்டு டிஸ்க் என்று
எவரோ எப்போதோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும்.
டிரைவ் தயாராகத்தான் இருந்தது.
யாரும் அதைக் கூப்பிடவில்லை.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.
சீட்டு எழுதும் ஷைலஜா
கம்பியில் குத்தியிருந்த காகிதம் ஒன்றை உருவி நீட்டினாள்.
"இது நோக்கு சேச்சி, போன வாரம் செக்போஸ்ட்டுல திருப்பி விட்டான்."
கோழித்தீவனம், பதினாறு டன் நானூறு,
தேதி: ஒன்று ஒன்று இரண்டாயிரத்து இரண்டு.
இத்தனை வருஷம் ரோட்டில் நின்ற தீவனத்தை
எந்தக் கோழி தின்னும் என்று கேட்டானாம்.

மதர்போர்டு மூலையில்
காசு போல ஒரு பேட்டரி, விளிம்பில் பச்சை பூத்து.
மீட்டர் முள் எழவே இல்லை.
கரண்ட் போகும்போதெல்லாம் செத்து
கரண்ட் வரும்போதெல்லாம் பிறந்திருக்கிறது,
பிறக்கும்போதெல்லாம் அதே புத்தாண்டு.

ஞாயிற்றுக்கிழமை.
கொழிஞ்சாம்பாறை வாட்ச் கடை சாத்தியிருக்கும்.
ஷைலஜா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மேசைக்கடியில் காலால் துழாவி
தட்டையாய், கண்ணாடி மேல் கண்ணாடியாய் ஒன்றை இழுத்தாள்.
நாற்பது டன் தாங்கும் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
தினமும் காலை, கதவைச் சாத்திக்கொண்டு,
தன் எடையைப் பார்க்கிறவள்.
அதைக் குப்புறப் போட்டு மூடியைக் கழற்றினோம்.
அதே காசு, அதே எண்.

இப்போது திரை வேறு வரி சொன்னது:
சிடியிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்.
ஜன்னலில் தலை நீட்டிய பூசணி லாரி டேவிஸ்
"ஏது கீ?" என்று கேட்டு முடிப்பதற்குள்
புள்ளிகள் தீர்ந்துவிட்டன.
மறுபடி முதலிலிருந்து.
இந்த முறை என் முழங்கையே விழுந்து அழுத்தியது.

முப்பத்தொன்பது நிமிடம் என்றது பெட்டி,
எலி தேங்காய் சுரண்டுகிற சத்தத்தோடு.
டேவிஸ் கையெழுத்துச் சீட்டை வாங்கிக்கொண்டு
மேசையில் ஒரு பூசணியை வைத்துவிட்டுப் போனார்.
அது எந்த எடையிலும் சேரவில்லை.
நான் சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

ஷைலஜா பழக்கத்தில் தராசு மேல் ஏறி நின்றாள்.
ஒன்றும் வரவில்லை.
இறங்கி, செருப்பைக் கழற்றி, திரும்ப ஏறினாள்.
"எனக்கு இன்னைக்கு வெயிட்டே இல்ல சேச்சி"
என்று சிரிக்காமல் சொன்னாள்.

வெளியே வைக்கோல் லாரி ஹாரன் அடித்தது.