ஒரு சாட்சி போதும்

ஆஸ்ட்ராவாவில் எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
பங்குப் பதிவேட்டில் என் பெயர் இல்லை.
இருக்காது.
அந்த வருடங்களில் எங்கள் குருவானவர்
ஜன்னல் துடைப்பவர்;
வாளியோடு வந்தார், வாளியோடு போனார்.

"ஒரு சாட்சி போதும்" என்றார் புதிய பாதிரியார்.
என் மகனைவிடச் சின்னவர்.

ஞானத்தந்தை போஹுஸ்லாவைத் தேடிப் போனேன்.
நிலக்கரி தின்ற நுரையீரல், மூக்கில் குழாய்.
"அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை.
டீக்குக் காய்ச்சியதை எடுத்து ஊற்றினார்.
சரியாக ஆறவில்லை. நீ வீறிட்டாய்.
ரேடியோவை உரக்க வைத்தோம்."
சொல்லிவிட்டுக் காகிதத்துக்கு வெளியிலும்
கொஞ்சம் கையெழுத்திட்டார்.

ஐம்பது வருடப் பாவங்களை
டிக்கெட் கட்டுபோல அடுக்கி வைத்திருந்தேன்.
முழந்தாளிட்டதும் முதல் வரி மறந்துபோனது.
"பரவாயில்லை" என்றது கிராதி,
"நடுவிலிருந்து தொடங்குங்கள்."

அம்மாவின் அடக்கத்தன்று
ஷிப்டை மாற்றிக் கேட்காததைச் சொன்னேன்.
மற்றவை தாமாக வந்தன.

மேலண்ணத்தில் இன்னும் அப்பம் ஒட்டியிருக்கிறது.
மூன்று நாற்பதுக்கு வண்டி எடுத்தாயிற்று.
ஸ்டோடோல்னி நிறுத்தத்தில் கதவு திறக்க
மழை உள்ளே தெறிக்கிறது.
தொப்பியைக் கழற்றி
உச்சந்தலையைத் தடவிப் பார்க்கிறேன்,
வெந்த தழும்பு எங்காவது இருக்குமா என்று.

பின்னால் ஒன்பதாம் எண் மணியடிக்கிறது.